மாசி மாதத்துச் சின்னச் சந்தோஷங்கள்

வசந்த காலம் எப்போது பிறக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷ் பாடப் புத்தகம் படித்த பிள்ளைகள் மார்ச்சு மாதம் என்பார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டும் தாத்தாவோ, “சித்திரை பிறக்கட்டும், அதற்குள் என்ன அவசரம்?” என்பார். பழந்தமிழர் வகுத்த ஆறு பருவங்களின் கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியுந்தான் இளவேனில். ஆகவே, மாசி மாதத்தை வசந்தம் என்று அழைக்கச் சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் மாமரத்துக்குச் சாஸ்திரம் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் அது மாசியிலேயே பூத்துக் குலுங்கி, வண்டுகளை வரவழைத்துக் கச்சேரி வைத்து விடுகிறது. இலவ மரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுக் காய்களை மாத்திரம் தொங்கவிட்டுக் கொண்டு நிற்கிறது. புளிய மரத்தின் அடியில் பிள்ளைகளின் கூட்டம் கலைவதில்லை. இவைகளின் சாட்சியத்தை நம்பி, மாசி மாதத்தையே வசந்தத்தின் வாசற்படி என்று வைத்துக் கொள்வதில் பெரிய பாதகம் ஒன்றும் இல்லை.

“மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்பது பழமொழி. மலையடிவாரத்து ஊர்களில் அதன் உண்மையை விடியற்காலையில் உணரலாம். கம்பளியை விட்டு எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கி விடும். காற்றில் ஈரம் இராது. மழைக்கும் பயம் இல்லை. காலையில் கம்பளி, நடுப்பகலில் விசிறி என்ற இந்த இரட்டை வாழ்வுதான் மாசி மாதத்தின் ரகசியம். எதையும் உலர்த்துவதற்கு, உடைப்பதற்கு, ஆய்வதற்கு, வருஷம் முழுவதற்கும் சேமித்து வைப்பதற்கு இதைவிட ஏற்ற மாதம் வேறு கிடையாது. ஆகையால் இந்த மாதத்தில் வீடுதோறும் வேலை பெருகுகிறது. வேலையோடு கூடவே, ஆச்சரியம் என்னவென்றால், சந்தோஷமும் பெருகுகிறது. அது எப்படி என்பதைத்தான் இங்கே சற்று விசாரிக்கப் போகிறோம்.

மேற்கே போன தண்ணீர்

முதலில் ஊரைத் தெரிந்து கொள்வோம். தேனி ஜில்லாவின் தென்மேற்குப் பக்கத்தில் மலைகளுக்கு இடையே நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைக்கு அப்பால் கேரளம். கீழ்ப்புறம் மேகமலையும் வருஷநாட்டு மலைகளும். நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் அந்தத் தண்ணீரை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

இந்தத் தண்ணீர் இயற்கையாக இந்தப் பக்கம் வந்ததல்ல. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்த பெரியாற்றை மலையின் மேலேயே அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 1886-ம் வருஷம் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுக் என்னும் எஞ்சினியரின் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895-ல் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் மாத்திரம் 14,707 ஏக்கர் நிலம் இதனால் இருபோகம் விளைகிறது. பென்னிகுக்கின் பிறந்த நாள் ஜனவரி 15. ஆகையால் இந்தப் பக்கத்து ஜனங்கள் பொங்கலோடு பொங்கலாக அதையும் கொண்டாடுகிறார்கள். வீட்டுச் சுவரில் தாத்தா பாட்டி படங்களுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரரின் படமும் மாட்டியிருப்பதை இங்கே காணலாம்.

திராட்சையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கம்பத்துக்காரர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ் நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, இந்த மண்ணையும் இந்தத் தண்ணீரையும் கண்டு இங்கேயே குடும்பம் நடத்தத் தீர்மானித்து விட்டது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு காலம் உண்டு. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது இன்னொரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். வருஷம் முழுவதும் பழத்துக்குப் பஞ்சம் இல்லை. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் குறியீட்டைப் பற்றிக் கவலை இல்லை. பந்தலின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழமே போதும்.

வயலும் தோட்டமும் இருக்கட்டும். நாம் பார்க்க வந்தது வீட்டுக்குள் நடக்கும் காரியம்.

புளி வந்து இறங்குகிறது

மாசி மாதத்தில் ஒரு நாள் கோணிச் சாக்கில் புளியம்பழம் வீட்டுக்கு வந்து இறங்கும். சொந்த மரம் உள்ளவர்கள் உலுக்கிக் கொண்டு வருவார்கள், இல்லாதவர்கள் வாங்குவார்கள். எப்படி வந்தாலும், அன்று முதல் வீட்டின் கூடமும் திண்ணையும் புளிக்குச் சொந்தம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப் போட்டால் ஓடு தளர்ந்து, விரலால் அமுக்கினாலே மளுக்கென்று உடையும். அந்தச் சப்தத்தில் குழந்தைகளுக்கு இருக்கும் ஆனந்தம் பட்டாசிலும் இல்லை. ஆகவே ஓடு உடைக்கும் உத்தியோகம் அவர்களுடையது.

நார் உரிப்பது அடுத்த வேலை. இதற்குப் பொறுமை வேண்டும். கொட்டை எடுப்பது பெரியவர்களின் வேலை. இதற்கு அநுபவம் வேண்டும். அரிவாள்மனையின் முன்னால் அப்பத்தா உட்கார்ந்தால், பேச்சு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் போய்க் கொண்டிருக்கும். பார்வை பேரப் பிள்ளையின் மேல் இருக்கும். கொட்டை மாத்திரம் தவறாமல் தனியே வந்து விழும். பிறகு கல்லுப்பைத் தூவி, உருண்டையாகப் பிடித்து, பானையிலோ ஜாடியிலோ அடைத்து வைத்தால் ஒரு வருஷத்துக்குக் குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. புதுப் புளி செம்மண் நிறத்தில் இருக்கும்; நாளாக ஆகக் கறுக்கும். “பழம் புளி” என்று அதற்குத் தனி மரியாதை உண்டு.

இந்த வேலையில் ஒன்றும் வீண் போவதில்லை. ஓடு அடுப்புக்குப் போகும். நாரும் கோதும் செம்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் தேய்க்கப் போகும். கொட்டை பிள்ளைகளுக்கு. சிலவற்றை வறுத்து, மேல் தோலை நீக்கி, கடக்கு முடக்கென்று கடிப்பார்கள். சிலவற்றை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கித் தாயம் ஆடுவார்கள். மிச்சம் பல்லாங்குழிக்கு.

புளி ஆயும் இடத்தில் எத்தனை விஷயங்கள் பேசப்படுகின்றன என்பதற்கு அளவே கிடையாது. யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிணற்றில் தண்ணீர் குறைந்தது, தாத்தா சின்ன வயதில் யாருக்கும் சொல்லாமல் சுருளித் தீர்த்தத்துக்கு ஓடிப் போனது என்று எல்லாம் அங்கேதான் வெளிவரும். தாயாரிடம் நேரில் சொல்லக் கூச்சப்படும் சமாசாரத்தைப் பெண் பிள்ளைகள் புளியைப் பார்த்துக் கொண்டு சொல்லி விடுவார்கள். “மேலே படிக்க வேண்டும், அப்பத்தா, அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்ற விண்ணப்பம் இப்படிப்பட்ட மத்தியான வேளையிலேதான் தாக்கல் ஆகும். கைக்கு வேலை இருக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அதனாலேயே மனம் திறந்து கொள்கிறது.

இலவம் பஞ்சும் புதுத் தலையணையும்

“இலவு காத்த கிளி” என்று ஏமாந்தவர்களைச் சொல்வதுண்டு. பழுக்கும், தின்னலாம் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் கிடைத்தது. கிளிக்கு அது ஏமாற்றம். மனிதர்களுக்கு நல்ல தூக்கம். போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைச் சரிவுகள் ஏலக்காய்க்குப் போலவே இலவம் பஞ்சுக்கும் பெயர் போனவை. கோடை நெருங்கும் இந்த மாதங்களில் காய்கள் முற்றி வெடிக்கின்றன.

பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டுக் குச்சியால் அடித்து, புதுப் பஞ்சைக் கலந்து, துவைத்துக் காய்ந்த உறையில் திணிப்பது மாசி மாதத்து வேலைகளில் ஒன்று. வீட்டுக்குள் காற்று வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி விட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இருந்தாலும் பஞ்சு பறக்கத்தான் பறக்கும். அரை மணி நேரத்தில் எல்லோருடைய தலையும் நரைத்து விடும். “இப்போதுதான் உனக்குப் புத்தி வந்த மாதிரி இருக்கிறது” என்று அண்ணனைப் பார்த்துத் தங்கை சிரிப்பாள். அன்று இரவு புதுத் தலையணையில் யார் முதலில் படுப்பது என்பதில் ஒரு சிறு யுத்தம் நடந்து, அது தாத்தாவுக்கு என்று சமாதானம் ஏற்படும். வெயிலின் வாசனை அதில் இரண்டு நாள் வரை இருக்கும்.

வடகத்துக்குக் காவல்

பனி இன்னும் விலகாத நேரத்தில், நாலு மணிக்கோ நாலரைக்கோ, அடுப்பில் கூழ் கொதிக்கும். சீரகமும் உப்பும் அரைத்த பச்சை மிளகாயும் கலந்த அந்த மணத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே எழுந்து விடுவார்கள். கொஞ்சம் சூடான கூழ் கிண்ணத்தில் கிடைக்கும். பிறகு மொட்டை மாடியில் வேட்டியை விரித்து, நாலு முனையிலும் கல்லை வைத்து, வெயில் ஏறுமுன் வடகம் இட்டாக வேண்டும்.

அதற்கு மேல்தான் காவல். ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்து, கையில் நீண்ட கம்புடன் ஒரு பையனை உட்கார வைப்பார்கள். காக்கைகளிடமிருந்து வடகத்தை அவன் காப்பாற்றுவான். அவனிடமிருந்து வடகத்தைக் காப்பாற்றுவார் யாரும் இல்லை. மேலே உலர்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் அரை வடகத்தின் ருசியை அறிந்தவர்களுக்கு அவனைத் தண்டிக்க மனம் வராது. மோர் மிளகாயும் மாவடுவும், பங்குனி பிறந்ததும் உதிரும் வேப்பம்பூவும், ஒன்றன் பின் ஒன்றாக இதே மாடிக்கு வந்து சேரும்.

இதுவரை எழுதியதைப் படித்து விட்டு, “எவ்வளவு இனிமையான வாழ்க்கை!” என்று நேயர் ஒருவர் பெருமூச்சு விடலாம். அவருடைய வீட்டு அம்மாளும் அதே பக்கத்தைப் படித்துப் பெருமூச்சு விடலாம். இரண்டும் ஒரே பெருமூச்சுதானா?

நாலு மணிக்கு எழுந்தது யார்? கூழைக் கை வலிக்கக் கிளறியது யார்? வேட்டியை நனைத்து வடகத்தை உரித்தது, ஈரம் பட்ட மாடியைக் கழுவியது, பிறகு வழக்கம் போல் பத்து மணிச் சாப்பாட்டையும் ஆக்கி இறக்கியது யார்? காவல் காத்த பையனுக்கும், பொரித்த வடகத்தை நொறுக்கிக் கொண்டு பத்திரிகை படித்த தகப்பனாருக்கும் அது சின்னச் சந்தோஷம். ஒற்றைக் கையாய் எல்லாவற்றையும் செய்த தாயாருக்கு அது இன்னும் ஒரு நாள் இடுப்பு வலி.

முன்பு ஒரு கூரையின் கீழ் மாமியார், இரண்டு மருமக்கள், விதவையான அத்தை, கல்யாணமாகாத நாத்தி என்று ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். மனஸ்தாபங்களும் இருந்தன, கைகளும் இருந்தன. வேலை பங்காயிற்று, ஆகவே பேச்சும் சிரிப்பும் கலந்தது. இப்போது பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்தும் போய் விட்டார்கள். மருமகள் உத்தியோகம் பார்க்கிறாள். ஊரில் மிஞ்சியிருக்கும் ஒருத்தி மாத்திரம் பழைய வழக்கத்தை விடக்கூடாதென்று இரண்டு வருஷம் முயன்று பார்க்கிறாள். மூன்றாம் வருஷம் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி விடுகிறாள். அவளைச் சோம்பேறி என்றும், காலம் கெட்டு விட்டது என்றும் சொல்வது சுலபம். அவளுக்குக் குறைந்தது பக்தியோ பிரியமோ அல்ல. பக்கத்தில் உட்கார ஆள்.

இன்னொரு விதமான குடும்பங்களும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. விடியுமுன் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக் கொண்டு, ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து, கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு மலைப் பாதைகளின் வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஏராளமான ஸ்திரீகள் தினந்தோறும் வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். ஏலக்காய் அறுப்பின் மும்முரம் மாசியோடு ஏறக்குறைய ஓய்கிறது. வீட்டில் இருக்கும் நாள் கூடினால் கூலி குறைகிறது. புளி ஆய்வது அவர்களில் பலருக்குப் பொழுதுபோக்கு அல்ல, கூலி வேலை. அங்கேயும் திண்ணைப் பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு. ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அடுப்பை மூட்டி, குடத்தை நிரப்பி வைக்க வேறொரு கை இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய பொழுது சந்தோஷமாவதும் சலிப்பாவதும்.

சிவராத்திரிக் கூட்டம்

பிரிந்து போன கைகள் வருஷத்தில் ஒரு முறை ஒன்று சேருவதும் இதே மாசியில்தான். மதுரை, தேனிப் பக்கங்களில் மகா சிவராத்திரி என்றால் குலதெய்வ வழிபாடு. எங்கெங்கோ இருக்கும் பங்காளிகளெல்லாம் ஊருக்கு வந்து சேருகிறார்கள். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் ஓட ஆரம்பித்த ரயில், அகலப் பாதை வேலைக்காக 2010-ன் கடைசியில் நின்று போயிற்று. தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் திரும்பி வந்து விட்டது. கம்பத்துக்கு இன்னும் ரயில் இல்லை. தேனியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் நின்று கொண்டு வந்தாலும் வருகிறவர்கள் வரத்தான் செய்கிறார்கள்.

கோயில் வெளியில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துப் பொங்கலிடும்போது ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தாமாக எடுக்காத சித்தப்பா விறகு பிளக்கிறார். சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மருமகன் தேங்காய் துருவுகிறான். பெரிய அண்டாவைத் தூக்க நாலு ஆண்கள் வருகிறார்கள். இதனால் யாருடைய கௌரவமும் குறைந்து விட்டதாகத் தெரியவில்லை.

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் அநேகம். 2025-ம் வருஷம் ரமலான் நோன்பு மாசி மாதத்திலேயே தொடங்கியது. நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் காய்ச்சுகிறவர்கள் ஆண்களே. அது தூக்குப் பாத்திரங்களில் வீடுகளுக்கும், மதம் பாராமல் அண்டை அயலுக்கும் போகிறது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் முடிகிற காரியம் வீட்டுச் சமையலறையில் மாத்திரம் முடியாமல் போவதற்குக் காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

பாரசீக தேசத்தார் மார்ச்சு 20 அல்லது 21-ம் தேதியில் வரும் நவ்ரோஸ் என்னும் புத்தாண்டுக்கு முன்னால் வீட்டையே தலைகீழாக்கிச் சுத்தம் செய்கிறார்கள். அந்த வழக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு “வீட்டை உலுக்குதல்” என்று பொருள். நம் ஊரில் மாசியில் புளிய மரத்தை உலுக்குகிறோம். அவர்கள் வீட்டையே உலுக்குகிறார்கள். வசந்தத்தை வரவேற்பதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழி, எங்கே பார்த்தாலும், கூடி ஒரு வேலையைச் செய்வதாகத்தான் இருக்கிறது.

நமது யோசனை

ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு யோசனை சொல்ல விரும்புகிறோம். வருஷத்துக்கு வேண்டிய புளி முழுவதையும் வீட்டிலேயே ஆய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நூறு வடகத்துக்குப் பதில் இருபது போதும். இரண்டு படி புளியம்பழம் போதும். பட்டணத்தில் மாடி இல்லாதவர்களுக்கு ஜன்னலோரத்து வெயிலும் ஒரு முறமும் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அன்று வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார வேண்டும். தகப்பனார் நார் உரிக்கட்டும். காலேஜில் படிக்கும் பிள்ளை கூழைக் கிளறட்டும். வேலை முடிந்ததும் கூடத்தைக் கூட்டுவதும் அவர்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட வேலைகளில் கடைசிப் பாதியைப் பெண்களுக்கு விட்டு விட்டு எழுந்து போவது ஆண்களின் பழைய சாமர்த்தியம்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்து பார்த்தால், அந்த மத்தியானத்தில் வீட்டில் யார் யார் என்னென்ன நினைத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு வருஷத்தில் தெரியாத அளவுக்குத் தெரிய வரும். படிக்க விரும்பும் பெண்ணின் விண்ணப்பம் பாட்டியின் சிபாரிசு இல்லாமலே தகப்பனார் காதில் விழக்கூடும். அம்மாளின் முழங்கால் வலி எத்தனை நாளாக இருக்கிறது என்பது அன்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடும்.

பங்குனி பிறந்ததும் வெயில் கடுமையாகி விடும். அப்புறம் பரீட்சை வரும். பிறகு வீரபாண்டித் திருவிழாவும் கோடை விடுமுறையும் வரும். பனியும் வெயிலும் சமமாக இருக்கும் நாட்கள் அதிகம் இல்லை. கடைத் தெருவில் புதுப் புளி இறங்கியாகி விட்டது. இரண்டு படி வாங்கி வந்து, முதல் ஓட்டை வீட்டுக்காரரே உடைக்கலாம்.